மீன்காரப் பெண்கள் கோல்ஃப் ஆடிய தரவை

முதல் அடியில் பந்து அசையவே இல்லை. இரண்டாவது அடியில் புல் மட்டும் ஒரு கட்டியாகப் பறந்தது. மூன்றாவது அடியில் பந்து கிளம்பியது, ஆனால் நான் பார்த்துக்கொண்டு நின்ற பக்கமாக அல்ல. வலப்புறம் ஓடி, குதிரைப் பந்தயப் பாதையின் வெள்ளைக் கம்பியில் ‘டங்’ என்று மோதி, திரும்ப எங்களிடமே வந்து சேர்ந்தது. “பரவாயில்லை பெரியம்மா, விசுவாசமான பந்து” என்றான் பெறாமகன்.

பருத்தித்துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்ற நான் ஸ்கொட்லாந்தில் கோல்ஃப் மட்டையோடு நின்றதற்குத் தங்கச்சிதான் காரணம். எடின்பரோவில் இருக்கிறாள். போன ஆடி மாதம் அவளிடம் போய் ஆறு கிழமை நின்றேன். மகன் கோல்ஃப் பைத்தியம். “பெரியம்மாவை ஒரு நாள் கூட்டிக்கொண்டு போறன்” என்று தொடங்கினவன், விடவில்லை.

எனக்குக் கோல்ஃப் என்றால் நுவரெலியாதான். சின்ன வயதில் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பஸ் ஜன்னலால் எட்டிப் பார்த்த அந்தப் பச்சை, வெள்ளைத் தொப்பி, பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு போகும் பையன். 1889இல் துரைமார் தொடங்கிய கழகம் அது. அன்றைக்கு எங்கள் வாத்தியார் “அது எங்களுக்கில்லை, நடவுங்கோ” என்றார், நானும் அதை அப்படியே நம்பிவிட்டேன். உலகத்தில் பாதிப் பேர் போக ஆசைப்படும் செயின்ற் அன்ட்ரூஸ் பழைய மைதானத்தில் ஆடுவதற்கு ஹண்டிகப், அதாவது எவ்வளவு ஆடத் தெரியும் என்கிற கணக்கு, காட்ட வேண்டும் என்று பெறாமகன் சொன்னபோது, வாத்தியார் சொன்னது சரிதான் என்று நினைத்தேன். “அங்கே வேண்டாம், அதைவிடச் சுவாரசியமான இடம் பக்கத்திலேயே இருக்கு” என்று அவன் கூட்டிப் போனது மசல்பரோவுக்கு. எடின்பரோவிலிருந்து கிழக்கே பத்துக் கிலோமீற்றர் இருக்கும், பஸ்ஸில் போகலாம். காசைக் கட்டிவிட்டு யாரும் ஆடலாம், எவ்வளவு என்று மட்டும் அவன் எனக்குச் சொல்லவில்லை.

ஒன்பது குழி, பார் 34, அதாவது நன்றாக ஆடுகிறவர் முப்பத்திநாலு அடியில் முடிக்க வேண்டும். மைதானம் முழுக்கக் குதிரைப் பந்தயப் பாதையின் உள்ளே கிடக்கிறது, பந்தய நாட்களில் கோல்ஃப் இல்லை. இங்கே கோல்ஃப் ஆடியதற்கு இருக்கும் பழைய எழுத்துச் சான்று ஒரு கணக்குப் புத்தகம். சேர் ஜோன் ஃபவுலிஸ் என்ற எடின்பரோ வழக்கறிஞர், 1672 மார்ச் 2ஆம் திகதி மசல்பரோவில் கோல்ஃபில் தோற்ற காசைச் செலவுப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். ஸ்கொட்லாந்தின் மேரி அரசியே 1567இல் இங்கே ஆடினார் என்றும் சொல்வார்கள், எனக்கென்னவோ அரசியின் கதையைவிட வழக்கறிஞரின் கணக்கில்தான் நம்பிக்கை, தோற்ற காசைப் பற்றி யாரும் பொய் எழுதுவதில்லை. அதே 1672இல்தான் ஒல்லாந்தப் போதகர் பால்டேயஸ் எங்கள் யாழ்ப்பாணத்தைப் பற்றி எழுதிய நூல் அம்ஸ்ரடாமில் அச்சானது, பருத்தித்துறையில் புளியமரத்தின் கீழ் பிரசங்கம் செய்தார் என்பார்களே, அவரேதான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் 1672 என்பது எவ்வளவு தூரம் என்று எனக்கு உறைத்தது.

அவன் எனக்கு வாடகைக்கு எடுத்துத் தந்தது பழைய மாதிரி மரக்காம்பு மட்டைகள். ஹிக்கரி மரம். தலை சின்ன இரும்பு, எங்கள் வீட்டு மண்வெட்டியில் கால்வாசி இராது. பிடியில் சுற்றியிருந்த தோல் எத்தனையோ பேரின் வியர்வையில் கறுத்து, அம்மியில் அரைத்துத் தேய்ந்த குழவிபோல் வழுவழுப்பாக இருந்தது. இப்போதுபோல் இலக்கம் இல்லை, ஒவ்வொன்றுக்கும் பெயர்: மாஷி, நிப்லிக், கிளீக். நிப்லிக் என்ற பெயருக்காகவே அதை நான் கடைசிவரை விடவில்லை. மரக்காம்பு அவசரப்பட்டால் அடிக்காது, மெதுவாகத் தூக்கி மெதுவாக இறக்க வேண்டும். மூன்றாம் குழி வரைக்கும் நான் பாம்படிப்பதுபோல் அடித்தேன், பிறகுதான் நெல்லுப் புடைக்கிற தாளத்துக்குக் கை வந்தது.

பந்து இப்போதைய பந்துதான். ஆனால் அந்தக் காலத்துப் பந்தைப் பற்றி அவன் சொன்ன கதை என்னைப் பிடித்துக்கொண்டது. ஒரு தொப்பி நிறைய இறகை அவித்துத் தோலுக்குள் திணித்துத் தைப்பார்களாம், கைதேர்ந்தவன்கூட ஒரு நாளைக்கு மூன்றோ நாலோதான் செய்வான், விலையும் அப்படி, மழையில் நனைந்தால் கதை முடிந்தது. 1848 அளவில் மலாயாப் பக்கத்து மரமொன்றின் பால், குட்டாப்பெர்ச்சா, வந்து சேர்ந்தது. அதைச் சுடுநீரில் இளக்கி உருட்டினால் பந்து. விலை விழுந்தது, ஏழையும் ஆட வந்தான். என் அம்மப்பா மலாயாப் பென்சன்காரர், றெயில்வேயில் கிளாக்கராக இருந்து வந்தவர். அவர் அங்கிருந்து கொண்டு வந்த ரங்குப்பெட்டி இன்னும் எங்கள் சாமியறையில் கிடக்கிறது. மலாயாவின் மரப்பால் இந்தப் புல்வெளிக்கு வந்திருக்கிறது, மலாயாவின் பென்சன் எங்கள் வளவுக்கு வந்திருக்கிறது.

இரண்டாம் குழிக்குப் பெயர் ‘கல்லறைகள்’. 1547இல் பக்கத்தில் நடந்த பிங்கி யுத்தத்தில் செத்த சிப்பாய்களை அங்கே புதைத்ததாகச் சொல்கிறார்கள். பெறாமகன் இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பந்தை வைத்தான். எனக்கு அந்த இடத்தில் மட்டையை நிலத்தில் ஊன்ற மனம் வரவில்லை. எங்கள் பக்கத்தில் வளவில் ஒரு குழி தோண்டினாலே நெஞ்சு திக்கென்னும் காலத்தைக் கடந்து வந்தவர்கள் நாங்கள். அவர்களுக்கு 470 வருஷம் கடந்துவிட்டது. அந்தக் குழியை நான் ஆடவில்லை, கொடிக்குப் பக்கத்தால் நடந்து போனேன். அவனும் ஏன் என்று கேட்கவில்லை.

குழி என்றதும் ஒன்று. உலகம் முழுக்க இன்றைக்குக் கோல்ஃப் குழியின் அகலம் நாலேகால் அங்குலம், நல்ல தேங்காய்ச் சிரட்டை ஒன்று இறங்கும் அளவு. அந்த அளவு இந்த மைதானத்திலிருந்து போனதாம். 1829இல் இங்கே குழி வெட்டச் செய்த கருவி இன்னும் இருக்கிறது. செயின்ற் அன்ட்ரூஸ்காரர் 1893இல் அதே அளவை எல்லோருக்கும் சட்டமாக்கினார்கள். அதற்கு முன் ஊருக்கு ஊர் ஓர் அளவு.

குழிக்குள் தட்டுகிற வேலையில் மட்டும் நான் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டேன். சின்ன வயதில் அண்ணாமாரோடு முற்றத்தில் போளை அடித்த கை இது. “பொம்பிளைப்பிள்ளைக்கு என்ன போளை” என்று அம்மா ஈர்க்குமாறோடு வருவா, நான் அடித்த போளை குழிக்குள் விழுந்த பிறகுதான் ஓடுவேன். நாலாம் குழியில் பதினைந்து அடி தூரத்திலிருந்து நான் தட்டியது, ஒரு சரிவில் ஏறித் திரும்பி, விளிம்பில் ஒரு தரம் யோசித்து, உள்ளே விழுந்தது. பெறாமகன் வாயைப் பிளந்தான். நான் ஜக்கெற் பைக்குள் கையை விட்டு, ஊரிலிருந்து கொண்டுபோன பருத்தித்துறை வடையில் மிஞ்சியிருந்த ஒன்றை எடுத்துக் கடித்தேன். அந்தக் குழிக்குப் பெயர் ‘மிஸிஸ் ஃபோமன்’. பக்கத்தில் தவறணை வைத்திருந்த அம்மாவின் பெயர். ஆடுகிறவர்களுக்குச் சுவரில் ஒரு சின்ன யன்னலால் குடிக்க எடுத்து நீட்டுவார்களாம். 1874 தொடக்கம் 1889 வரை ஆறு தடவை பிரிட்டிஷ் ஓப்பன் போட்டி இந்த ஒன்பது குழியைச் சுற்றிச் சுற்றித்தான் நடந்திருக்கிறது. அந்தப் பெரிய ஆட்டக்காரர்களும் இந்த யன்னலடியில் நின்றிருப்பார்கள்.

காற்றைப் பற்றிச் சொல்லாவிட்டால் பொய். ஆடி மாதம்தான், ஆனால் கடலிலிருந்து வந்த காற்று தங்கச்சியின் தடித்த ஜக்கெற்றுக்குள் புகுந்து எலும்பைத் தேடியது. எங்கள் சோழகக் காற்றுக்குப் பலம் உண்டு, குளிர் கிடையாது. தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறையில் பட்டம் ஏற்றுகிறவர்களைக் கூட்டி வந்து விட்டால் இந்த மைதானத்தில் வெல்வார்கள் என்று நினைத்தேன், காற்று எங்கே திரும்பும் என்று அவர்களுக்கு விரல் நுனியில் தெரியும்.

நிலம்தான் எனக்கு ஆச்சரியம். இந்த மாதிரி மைதானத்தை ‘லிங்க்ஸ்’ என்கிறார்கள். கடலுக்கும் தோட்டக் காணிக்கும் நடுவில் ஒன்றும் விளையாமல் கிடக்கிற மணல் நிலத்துக்கு அவர்களின் பழைய பெயர் அது. உழ முடியாது, ஆடுமாடு மேயும், குட்டைப் புல் முளைக்கும், ஊருக்குப் பொது. எங்களிடம் இதற்குச் சொல் இருக்கிறது, தரவை. அதோடு மணற்காட்டுக் கும்பியையும் சேர்த்தால் அச்சொட்டாக அதுதான். வல்லிபுரக் கோயிலுக்குப் போகிற வழியில் மணல் மேடுகளையும், மணற்காட்டில் அந்தோனியார் கோயிலின் பழைய சுவர்கள் மணலுக்குள் புதைந்து கிடப்பதையும் எத்தனை தரம் பார்த்திருப்பேன். அதை லோட் லோடாக மணல் அள்ளுகிற இடமாகத்தான் எங்கள் ஆட்கள் பார்த்தார்கள். இங்கே அதே மணலில் ஆட்டிடையனும் மீனவனும் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார்களாம். பங்கர் என்கிற மணற்குழிகூடக் காற்றுக்கு ஒதுங்க ஆடுகள் சுருண்டு படுத்துப் பள்ளமானதில் வந்தது என்பார்கள். துரைமார் பிறகு வந்து தொப்பி போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மீனவன் என்றேன், மீன்காரி என்றே சொல்லலாம். மசல்பரோ மீன்காரப் பெண்கள் முதுகில் கூடையைக் கட்டி எடின்பரோ வரை பத்துக் கிலோமீற்றர் நடந்து வித்தவர்கள். பக்கத்து இன்வெரஸ்க் கோயில் போதகர் அலெக்ஸாண்டர் கார்லைல் 1790களில் இவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ஓய்வு நாளில் கோல்ஃப் ஆடுவார்களாம், வருஷத்தில் ஒரு நாள் கலியாணம் முடித்தவர்களும் முடிக்காதவர்களும் உதைபந்து ஆடுவார்களாம், எப்போதும் வெல்வது கலியாணம் முடித்தவர்கள். (இதைத் தங்கச்சியிடம் சொன்னபோது அவள் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை.) 1810 மார்கழியில் இங்குள்ள கோல்ஃப் கழகம் கூட்டம் போட்டு, வருகிற புதுவருஷத்துக்கு மீன்காரப் பெண்களுக்கு ஒரு போட்டி வைப்பது என்று முடிவெடுத்தது. முதல் பரிசு புது மீன்கூடை, அதோடு ஒரு சின்னக் கூடை. அவற்றோடு பார்சலோனாப் பட்டு லேஞ்சி இரண்டு. பெண்கள் கோல்ஃப் போட்டி ஆடியதற்கு இருக்கும் மிகப் பழைய பதிவுகளில் இது ஒன்று.

ஒன்பது குழிக்கும் நான் எத்தனை அடி அடித்தேன் என்பது எனக்கும் பெறாமகனுக்கும் இடையில் இருக்கட்டும்.

கடலோர அழகைத் தேடிப் போகிறவர்களுக்கு ஒரு சொல்: மசல்பரோ அதற்குச் சரிவராது. கடல் மணக்கும், காற்று வரும், ஆனால் பார்ப்பதற்கு நடந்து கரைக்குப் போக வேண்டும். கண்ணுக்கு வேண்டுமென்றால் றெயின் ஏறி நோர்த் பெரிக் போங்கோ. 1832இல் தொடங்கிய கழகம். கடற்கரையில் நின்றபடியே ஆட்டத்தைப் பார்க்கலாம். எதிரே கடலுக்குள் பாஸ் றொக் என்ற பாறை, சுண்ணாம்பு பூசினதுபோல் வெள்ளை. கிட்டப் பார்த்தால் அத்தனையும் காநெற் பறவையும் அதன் எச்சமும். பதின்மூன்றாம் குழியில் கொடிக்கு முன்னால் ஒரு கல்மதில் நிற்கும், பந்தை அதற்கு மேலால் தூக்கித்தான் போட வேண்டும். பெறாமகன் மூன்று தரம் மதிலில் அடித்தான். விசுவாசமான பந்து என்று நான் சொல்லவில்லை, நினைத்தேன்.

ஊருக்கு வந்து மறுநாள் பருத்தித்துறை மீன்சந்தைக்குப் போனேன். வழக்கமாக நான் வாங்குகிற அக்கா திருக்கை வெட்டிக்கொண்டிருந்தா. “லண்டனால எப்ப வந்தனீங்கள் ரீச்சர்?” அவவுக்கு எல்லா வெளிநாடும் லண்டன்தான். நான் ஸ்கொட்லாந்து மீன்காரப் பெண்களின் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னேன், முதுகுக் கூடை, பத்துக் கிலோமீற்றர் நடை, உதைபந்து, 1811 புதுவருஷப் போட்டி, புதுக் கூடை, பட்டு லேஞ்சி, எல்லாம். பக்கத்துத் தட்டுக்காரியும் கத்தியை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றா. அக்கா வாலை ஒரே வெட்டில் தனியே எடுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தா.

“கூடையும் லேஞ்சியும் சரி, காசு ஒண்டும் குடுக்கேல்லையோ?”