சத்தம் போடுவது பாட்டம் பிராக்கெட்தானா?

சைக்கிளில் ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போது காலடியில் 'டக்... டக்...' என்று ஒரு சத்தம். கடைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "பிபி போயிடுச்சு, மாத்திடலாம்." பிபி என்றால் பாட்டம் பிராக்கெட், பெடல் கைகள் இரண்டையும் இணைக்கும் அச்சைத் தாங்கும் பேரிங் தொகுதி. மாற்றியதும் சத்தம் நிற்கும். சில மாதங்களில் அதே 'டக்' திரும்ப வரும், மறுபடி ஒரு புது பிபி.

தேய்ந்த பேரிங் பெரும்பாலும் இப்படிச் சத்தம் போடாது. அது நறநறக்கும், இல்லையென்றால் சன்னமாக உறுமும். அழுத்தி மிதித்தாலும் சும்மா சுற்றினாலும் அந்த நறநற இருந்துகொண்டே இருக்கும். அழுத்தும்போது மட்டும் வரும் 'டக்', 'கிரீச்' எல்லாம் காய்ந்துபோன இரண்டு பரப்புகள் நூலிழை அளவு நகர்ந்து உரசுவதால் வருபவை. அங்கே குற்றவாளி பேரிங் இல்லை. அது உட்கார்ந்திருக்கும் திருகு மரையோ குழியோதான். புது பிபி போடும் சாக்கில் மெக்கானிக் பழைய அழுக்கைத் துடைக்கிறார், கிரீஸ் தடவுகிறார், ஒழுங்காக முறுக்குகிறார். சத்தம் நின்றது அதனால்தான். பழைய பிபியையே கழற்றித் துடைத்துப் போட்டிருந்தாலும் நின்றிருக்கும்.

அதைவிட முக்கியம், பல நேரம் சத்தம் அந்த இடத்திலேயே இருக்காது. ஃபிரேம் என்பது உள்ளே காலியான குழாய்களின் கூட்டு. பின்சக்கர அச்சில் கிளம்பும் சத்தமும், சீட் போஸ்ட்டில் கிளம்பும் சத்தமும் குழாய் வழியே ஓடிவந்து காலடியில் கேட்கும். கார்பன் ஃபிரேம் என்றால் மத்தளம் மாதிரி அதைப் பெருக்கியும் காட்டும். அதனால் பிபியைத் திறப்பது கடைசி வேலையாக இருக்கட்டும்.

முதலில் சத்தத்தின் தாளத்தைக் கவனியுங்கள். பெடல் ஒரு சுற்றுக்கு ஒருமுறை, அதே இடத்தில் வந்தால் ஒரு பக்கத்துப் பெடல், கிளீட் (ஷூவின் அடியில் இருந்து பெடலில் மாட்டிக்கொள்ளும் துண்டு), கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். முன் டீரெய்லர் (செயினை முன் பல்சக்கரங்களுக்கு இடையே மாற்றும் கருவி) கேபிளின் நுனி வெளியே நீட்டிக்கொண்டு கிராங்கில் தட்டுவதும் இப்படித்தான் கேட்கும். அதை விரலால் மடக்கிவிட்டால் தீர்ந்தது. சுற்றுக்கு இரண்டு முறை, இரு காலும் அழுத்தும்போது வந்தால் செயின்ரிங் (முன் பல்சக்கரம்) போல்ட், பிபி குழி, சீட் என்று வட்டம் பெரிதாகும். இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை வந்தால் அது செயினில் இறுகிப்போன ஒரு கண்ணி. கணக்கு எளிது: 108 கண்ணி செயின் 50 பல் ரிங்கில் ஒரு முழு வலம் வர 2.16 மிதிச் சுற்று ஆகும், 34 பல் ரிங்கில் ஏறக்குறைய 3.2. ரிங் மாற்றும்போது இடைவெளியும் அதே விகிதத்தில் மாறினால் சந்தேகமே வேண்டாம். மிதியைவிட வேகமாக 'டிக்டிக்டிக்' என்று வருவது சக்கரத்தின் சத்தம். 50க்கு 17 கியரில் ஒரு மிதிச் சுற்றுக்குச் சக்கரம் கிட்டத்தட்ட மூன்று முறை சுற்றுகிறது.

அடுத்து ஓட்டிப் பார்க்கும் சோதனைகள். சீட்டில் இருந்து எழுந்து மிதியுங்கள். சத்தம் மறைந்தால் சீட் போஸ்ட் அல்லது சேடில் கம்பி. மிதிக்காமல் உருளவிடுங்கள். அப்போதும் இருந்தால் சக்கரம் அல்லது ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்பும் இடத்துப் பேரிங்). கிளீட் மேல் பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றுங்கள். அது காயும்வரை சத்தம் அடங்கியிருந்தால் பிபி நிரபராதி. பிளாஸ்டிக் கிளீட்டுகள் காய்ந்தால் கத்தும் கத்தலைப் பிபி மேல் போட்டுப் பணம் செலவழித்தவர்கள் ஏராளம்.

நின்ற இடத்திலேயே சத்தத்தை வரவழைக்கவும் முடியும். பிரேக்கை அழுத்திப் பிடித்து, கிராங்கைக் கிடைமட்டமாக வைத்து, முன்னால் இருக்கும் பெடலை உடல் எடையால் அமுக்கி அமுக்கி விடுங்கள். சத்தம் வந்தால், இன்னொருவர் விரலை ஒவ்வொரு மூட்டிலும் வைத்துப் பார்க்கட்டும். காதைவிட விரல் நுனி நம்பகமானது. சத்தம் பிறக்கும் இடத்தில் 'டக்' என்பது தொடுகையாகவே தெரியும். பிறகு அடுத்த காலை முன்னால் வைத்து அதையே திரும்பச் செய்யுங்கள்.

பிபிக்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலைகள் எல்லாம் மலிவானவை. பெடலைக் கழற்றி மரையைத் துடைத்து கிரீஸ் வைத்து 35 முதல் 55 நியூட்டன் மீட்டர் வரை முறுக்குங்கள். செயின்ரிங் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, மரையிலும் ரிங் உட்காரும் தட்டிலும் கிரீஸ் தடவுங்கள். ஷிமானோ 105 ஆர்7000, அல்டெக்ரா ஆர்8000 கிராங்குகள் இரண்டுக்கும் முறுக்கு அளவு 12 முதல் 14. பின்சக்கரப் பல்சக்கர அடுக்கைப் (கேசட்) பூட்டும் லாக்ரிங்கை 40க்கு இறுக்குங்கள். பின் டீரெய்லரைத் தாங்கும் ஹேங்கரையும் கழற்றித் துடைத்துப் பூட்டுங்கள். பின்னால் ஒளிந்துகொண்டு பிபியின் பெயரைக் கெடுப்பதில் இதற்கு நிகர் இல்லை. பின்சக்கர அச்சு ஃபிரேமைத் தொடும் முகங்களையும் துடைத்துவிடுங்கள். சீட் போஸ்ட் அலுமினியமாக இருந்து, ஃபிரேமும் உலோகமென்றால் கிரீஸ். எதிலாவது கார்பன் இருந்தால் கிரீஸ் கூடாது, கார்பன் பேஸ்ட்.

இதற்கும் அடங்கவில்லை என்றால் கிராங்கைக் கழற்றலாம். பரவலாகக் கிடைக்கும் ஷிமானோ ஹாலோடெக் 2 வகையை எடுத்துக்கொள்வோம். இடது கிராங்கின் இரண்டு 5 மி.மீ. ஆலன் போல்ட்டுகளை மாற்றி மாற்றித் தளர்த்துங்கள். நடுவில் இருக்கும் சின்ன ஸ்டாப்பர் பிளேட்டை நெம்பித் தூக்குங்கள். பிளாஸ்டிக் மூடியைத் திருகி எடுத்ததும் இடது கிராங்க் கையோடு வரும். செயினை ரிங்கிலிருந்து இறக்கிவிட்டு, 24 மி.மீ. அச்சை ரப்பர் சுத்தியால் மெல்லத் தட்டினால் வலப்பக்கம் வெளியேறும். இப்போது விரலை விட்டுப் பேரிங்கைச் சுற்றுங்கள். நறநறத்தாலோ, ஓர் இடத்தில் இடித்து நின்றாலோ பேரிங் போய்விட்டது, மாற்ற வேண்டியதுதான். வெண்ணெய் மாதிரி சுற்றினால் பேரிங்கைத் தாங்கும் கப்புகளைக் கழற்றித் துடைத்தால் போதும்.

கழற்றும் திசையில்தான் பலர் மரையைக் கெடுக்கிறார்கள். பி.எஸ்.ஏ. என்ற மரை வகையில் வலது கப்புக்குத் தலைகீழ் மரை. எந்தப் பக்கம் எந்தத் திசை என்று மனப்பாடம் செய்ய வேண்டாம். எந்தப் பக்கம் நின்றாலும் ஸ்பானரை மேல்நோக்கி நிறுத்திப் பிடியுங்கள். முன்சக்கரம் பக்கம் தள்ளினால் கழலும், பின்சக்கரம் பக்கம் இழுத்தால் இறுகும். பெடலுக்கு இது அப்படியே நேர்மாறு. 70 மி.மீ. அகலமுள்ள இத்தாலிய மரை ஃபிரேம்களில் இரு பக்கமும் சாதா மரை என்பதால் இந்த விதி வலப்பக்கம் செல்லாது. ஸ்பானரைப் போடும் முன் ஷெல் (பிபி உட்காரும் ஃபிரேம் குழாய்) அகலத்தை அளந்துகொள்ளுங்கள், பி.எஸ்.ஏ. ரோடு ஃபிரேமில் அது 68.

ஷெல் மரையைப் பழைய டூத் பிரஷ்ஷால் டீகிரீசர் போட்டுத் தேய்த்து, முழுக்கக் காயவிட்டு, தாராளமாக கிரீஸ் தடவுங்கள். டைட்டானியம் ஃபிரேம் என்றால் கிரீஸுக்குப் பதில் ஆன்டிசீஸ் (மரை ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பசை). ஷெல்லின் வெளி முகத்தில் பெயின்ட் திட்டுகள் இருந்தால் கப் சமமாக உட்காராது. ஃபேஸிங் கருவி உள்ள கடையில் ஒருமுறை முகத்தைச் சமப்படுத்தினால் அந்த ஃபிரேமின் ஆயுளுக்கும் போதும். கப்புகளைக் கையால் பல சுற்று ஏற்றிய பிறகே ஸ்பானர். முறுக்கு 35 முதல் 50. கார்பன் ஃபிரேமில் மரையுள்ள உலோக வளையத்தைப் பசையால் ஒட்டியிருப்பார்கள். அந்த ஒட்டு விட்டுப்போனாலும் இதே கிரீச்தான் வரும். அதற்கு கிரீஸ் மருந்தில்லை, கார்பன் பழுதுபார்ப்பவரிடம்தான் போக வேண்டும்.

திரும்பப் பூட்டும்போது நடக்கும் பெரிய தப்பு அந்தப் பிளாஸ்டிக் மூடியில். அது கிராங்கைப் பிடித்து நிறுத்துவது இல்லை. பக்கவாட்டு ஆட்டத்தை எடுக்க மட்டுமே. 0.7 முதல் 1.5 நியூட்டன் மீட்டர், அதாவது விரலால் திருகும் அளவு. அதைப் பலம் கொண்ட மட்டும் முறுக்கினால் பேரிங் நெருக்கப்பட்டுச் சீக்கிரமே நறநறக்கும். மூடியை வைத்து, ஸ்டாப்பர் பிளேட்டை அமுக்கி, இரண்டு ஆலன் போல்ட்டுகளையும் மாற்றி மாற்றி 12 முதல் 14 வரை இறுக்குங்கள். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனால் முதலாவது தளர்ந்துவிடும்.

பிரஸ்ஃபிட் கதை வேறு. இங்கே மரையே கிடையாது, கப்பை ஃபிரேமின் குழிக்குள் அழுத்தி ஏற்றிவிடுவார்கள். பி.பி.86 என்ற வகையில் குழியின் விட்டம் 41 மி.மீ., பி.எஃப்.30 வகையில் 46. இரண்டு குழிகளும் ஒரே நேர்கோட்டில், சரியான வட்டத்தில் இருந்தால் வாயே திறக்காது. கொஞ்சம் கோணினால், நேரான அச்சு ஒவ்வொரு மிதிக்கும் கப்பைக் குழிக்குள் அசைத்துக்கொண்டே இருக்கும். அப்புறம் எந்த பிபி போட்டாலும் பாட்டு நிற்காது. டி47 என்ற பெரிய மரை முறை பிறந்ததும், ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் 2020இல் தன் டார்மாக் எஸ்எல்7 ரேஸ் சைக்கிளுக்கு மீண்டும் பி.எஸ்.ஏ. மரையைக் கொண்டுவந்ததும் காரணமில்லாமல் இல்லை.

நைலான் கப்பை உள்ளிருந்து தட்டித்தான் எடுக்க முடியும். எடுத்தால் பெரும்பாலும் அது வீண். அதனால் 'சும்மா திறந்து பார்ப்போம்' என்பது இங்கே ஒரு பிபியின் விலை. மாற்றுவது உறுதி என்றானபின் குழியை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, நைலான் கப்புக்கு மெல்லிய கிரீஸ் தடவி, சுத்தியால் இல்லாமல் பிரஸ் கருவியால் நேராக ஏற்றுங்கள். உலோகக் கப் கொஞ்சம் தளர்வாக இருந்தால் லோக்டைட் 609 மாதிரியான ரிடெய்னிங் காம்பவுண்ட் (இறுகிப் பிடிக்கும் பசை) இடைவெளியை நிரப்பும். 24 மணி நேரம் வண்டியைத் தொடக்கூடாது. நைலானுக்கு அதைப் போடும் முன் ஃபிரேம், பிபி இரண்டின் கையேட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். கப் நிஜமாகவே நகர்கிறதா என்று தெரிய ஒரு மலிவான வழி உண்டு: கப்பின் விளிம்பிலிருந்து ஃபிரேம் வரை மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். நாலைந்து ரைடு போய்வந்த பின் கோடு முறிந்திருந்தால் கப் சுற்றுகிறது.

வருமுன் காப்பது என்று பார்த்தால் எதிரி தண்ணீர்தான். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியைப் பிபி பக்கம் திருப்பவே கூடாது. பேரிங் சீல் அந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டதில்லை. டபிள்யூ.டி.-40ஐ இடுக்கில் அடித்தால் இரண்டு நாள் அமைதி, பிறகு உள்ளே இருந்த கிரீஸும் கரைந்து போயிருக்கும். மழையில் நனைந்த வண்டியில் சீட் போஸ்ட் இடுக்கு வழியாக இறங்கும் தண்ணீர் பிபி ஷெல்லில்தான் போய்த் தேங்கும். போஸ்ட்டின் உயரத்தை டேப்பால் குறித்து வைத்துக்கொண்டு உருவிவிட்டு, வண்டியைத் தலைகீழாக வைத்து வடியவிடுங்கள். ஷெல்லுக்கு அடியில் வடிகால் துளை இருந்தால் அதைக் குச்சியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். சென்னை ஈ.சி.ஆர். மாதிரி கடலோரத்தில் ஓட்டுபவர்களுக்கு உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. மரை வைத்த பிபியை ஆண்டுக்கு ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் தை மாதவாக்கில் கழற்றிப் பூட்டினால் போதும். பிரஸ்ஃபிட்டில் அந்த வேலை வேண்டாம். கிராங்கை மட்டும் கழற்றி, அச்சைத் துடைத்து, பேரிங்கை விரலால் சுற்றிப் பார்த்து, புது கிரீஸ் தடவி மாட்டிவிடுங்கள்.