சோக்கை உள்ளே தள்ளினால் செத்துப் போகும்

இந்தக் கோடையில் எங்கள் ஜெட்ஸ்கி தண்ணீரில் ஓடியதைவிட ட்ரெயிலரில் ஓடியதுதான் அதிகம். கனடாவில் ஸ்காபரோவிலிருந்து சிம்கோ ஏரிக்கு ஐந்து தரம் இழுத்துக்கொண்டு போனேன். மூன்று தரம் வந்த வழியே திரும்பினேன். ஒரு தரம் யாரோ ஒரு வெள்ளைக்காரருடைய படகில் கயிறு கட்டி, கரை வரைக்கும் இழுபட்டு வந்தேன்.

வண்டி 1997ஆம் ஆண்டினுடையது. 782 சிசி, டூ ஸ்ட்ரோக், பெற்றோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்குக் கொடுக்கிற காபரேட்டர் இரண்டு, மிக்குனி கம்பனியினுடையவை. மே மாதம் 1,600 டொலருக்கு வாங்கினேன். விற்றவர் தன் வீட்டு முற்றத்தில் ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார். நல்லாய் உறுமியது. பத்துச் செக்கனில் அவரே நிறுத்திவிட்டு, தண்ணீர் இல்லாமல் அதற்கு மேல் ஓடவிடக் கூடாது என்றார். அது உண்மையும்கூட. அதனால்தான் ஏமாந்தேன்.

முதல் நாள் சிபல்ட் பொயின்ற் பூங்காவில் இறக்கினோம். சோக் என்பது காற்றைக் குறைத்துப் பெற்றோலைக் கூட்டிக் கொடுக்கிற இழுப்பி. அதை இழுத்து ஸ்டார்ட் பட்டனை அமத்தினால் உடனே பிடிக்கும். சோக்கை உள்ளே தள்ளினால் நாலைந்து செக்கனில் நின்றுவிடும். பின்னால் ஆறு ட்ரெயிலர் வரிசை. அக்காவின் பிள்ளைகள் மிதவை அங்கி போட்டபடி கரையில். "மாமா, இது ஓடுமா?" என்று சின்னவள் கேட்டதற்கு இன்றைக்கு வரைக்கும் நான் பதில் சொல்லவில்லை.

பிறகு மெக்கானிக் தேடிய கதை. இரண்டு இடத்தில் ஆண்டைக் கேட்டதுமே, இவ்வளவு பழசைத் தொடமாட்டோம் என்றார்கள். மூன்றாவது இடத்தில் எடுத்தார்கள். பத்து நாள் வைத்திருந்து பிளக் மாற்றி, பற்றரி மாற்றி, ஹோஸ் தண்ணீரில் ஓடவிட்டுப் பார்த்ததாக எழுதி 410 டொலர் பில் தந்தார்கள். சோக்கைத் தள்ளின பிறகும் ஓடுகிறதா என்று யாரும் பார்க்கவில்லை. பில்லில் அந்தச் சொல்லே இல்லை. கொடுக்கும்போது "சோக் இல்லாமல் ஐந்து நிமிடம் ஓடவிட்டுக் காட்ட வேண்டும்" என்று எழுதிக் கொடுங்கள். நான் வாயால் சொன்னேன், காற்றோடு போய்விட்டது.

அடுத்த பிழை என்னுடையது. வீட்டில் ட்ரெயிலரில் வைத்தே, வேகம் கொடுக்காதபோது இஞ்சின் சுற்றுகிற அளவைக் கூட்டிக் குறைக்கிற ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருகி, நிமிடத்துக்கு 1,500 சுற்றில் அழகாக ஓடவைத்தேன். ஏரியில் இறக்கினால் ஸ்டார்ட் பண்ணின கையோடு நின்றுவிட்டது. இந்த இஞ்சினுக்கு 1,500 என்பது தண்ணீருக்குள். தரையில், தண்ணீரைப் பின்னால் தள்ளுகிற பம்புக்குச் சுமை இல்லாததால் கிட்டத்தட்ட 3,000 காட்ட வேண்டும். கம்பனிப் புத்தகத்தில் தெளிவாக இருக்கிறது. யார் படித்தது? அதுதான் மூன்றாவது வீண் பயணம்.

கடைசியில் கைகொடுத்தவர் எங்கள் தெருவில் இருக்கிற ஓர் அண்ணை. யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் தகப்பனோடு சேர்ந்து, படகின் பின்னால் பூட்டுகிற அவுட்போர்ட் மோட்டரோடு வளர்ந்தவர். தேத்தண்ணியைக் கையில் வைத்தபடி கராஜ் வாசலில் நின்று இரண்டு தரம் ஸ்டார்ட் பண்ணச் சொன்னார்.

"சோக்கோட ஓடுது, சோக்கை விட நிக்குதெண்டால் பெற்றோல் காணாமல் சாகுது தம்பி. பிளக்கில என்ன பிழை?"

டாங்க் மூடியைத் திறந்துவிட்டு இன்னொரு தரம் ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். காற்று போகிற வழி அடைபட்டிருந்தால் மூடி திறந்ததும் ஓடுமாம். ஓடவில்லை. அப்படியே குனிந்து, காபரேட்டருக்குப் போகிற சாம்பல் நிறக் குழாயைக் கழற்றி, நுனியில் ஒரு விரற்கடை வெட்டினார். வெளியில் புதுக் குழாய் மாதிரி இருந்தது. அவர் வெட்டினதைப் பிதுக்க, உள்ளே இருந்து கடும் பச்சையில் களிம்பு மாதிரி ஒன்று வந்தது. விரலில் தொட்டால் இழுபட்டது. 90களில் வந்த சில ஜெட்ஸ்கிகளில் பூட்டின இந்தச் சாம்பல் குழாய்கள் வயதாக ஆக உள்ளுக்குள் கரைந்து இப்படித்தான் ஆகும் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

காபரேட்டரைக் கழற்ற ஒரு முழுச் சனிக்கிழமை போனது. கை நுழையாத இடத்தில் நட்டு. இரண்டு முட்டியிலும் தோல் இல்லை. ஆனால் திறந்தபோது எல்லாம் விளங்கியது. காபரேட்டருக்கு உள்ளே, விரல் நகமளவில் ஒரு சின்ன வலை இருக்கிறது. வெளியில் இருக்கிற ஃபில்டரை மாற்றுகிற பலருக்கு இது இருப்பதே தெரியாது. இரண்டிலும் அந்த வலை பச்சைச் சட்னி பூசின மாதிரி மூடிக் கிடந்தது. கழுவிப் பூட்டினேன். ஓடியது! சோக் இல்லாமல்!

"குழாய் முழுக்க மாத்து" என்று அண்ணை சொல்லித்தான் விட்டார். எனக்குத்தான் அவசரம். மூன்று கிழமை கழித்து நடு ஏரியில் அதே சாவு, அதே சத்தம். கயிறு கட்டி இழுபட்டு வந்தது அன்றைக்குத்தான். மானம் போனது ஒரு பக்கம். டூ ஸ்ட்ரோக்கில் எண்ணெயும் பெற்றோலும் சேர்ந்துதான் உள்ளே போகும். பெற்றோல் குறைந்த கலவையில் வேகமாக ஓட்டினால் பிஸ்டன் எரிந்து இஞ்சினே போய்விடும். சிலிண்டருக்குள் அழுத்தம் சரியா என்று கொம்ப்ரெஷன் பார்த்தேன்: இரண்டு சிலிண்டரிலும் 150 psiக்குக் கிட்ட, குறையவில்லை. தப்பினேன்.

இந்த முறை ஒழுங்காகச் செய்தேன். கால் அங்குல பெற்றோல் ஹோஸ் வாங்கி ஒன்றைக் கழற்றி ஒன்றைப் பூட்டினேன். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றினால் எது எங்கே போகிறது என்று தலை சுற்றும். எண்ணெய்க் குழாயில் கைவைத்தால் அதற்குள் புகுந்த காற்றை எடுக்காமல் ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம். காபரேட்டருக்குள் மாற்றுகிற உதிரிப்பாகக் கிட் முதலில் மலிவானதாய் வாங்கி, அதன் சவ்வு விறைப்பாய் இருந்ததால் தூக்கி எறிந்துவிட்டு மிக்குனியினுடையதே வாங்கினேன். இதிலும் நாற்பது டொலர் தண்டம்.

அப்படியும் வேகம் கூட்டினால் ஒரு திக்கல். டாங்கிலிருந்து நேரே காபரேட்டருக்கு ஒரு குழாயைப் போட்டுப் பார்த்தேன், திக்கல் போய்விட்டது. இடையில் இருக்கிற, டாங்கின் மிச்சப் பெற்றோலுக்கு மாற்றுகிற ரிசேர்வ் வால்வு காற்றை இழுத்திருக்கிறது. அதையும் மாற்றினேன்.

வீட்டில் ஹோஸ் போட்டுப் பார்ப்பவர்களுக்கு ஒன்று: முதலில் இஞ்சின், பிறகு தண்ணீர். நிறுத்தும்போது முதலில் தண்ணீர், பிறகு இஞ்சின். மாறிச் செய்தால் புகைக்குழாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் ஏறிவிடும்.

செப்டெம்பர் முதல் ஞாயிறு ஐந்தாவது பயணம். ஒன்றரை மணித்தியாலம் நிற்காமல் ஓடியது. பெரியவனுக்குப் பதினைந்து வயது. இங்கே பதினாறு ஆகாமல் ஓட்டக் கூடாது என்பதால் பின்னால் இருந்தே கத்திக்கொண்டு வந்தான். கரைக்கு வந்து அண்ணைக்கு ஃபோன் போட்டு, அடுத்த கிழமை கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன்.

"உந்தத் தண்ணி மோட்டச்சைக்கிளில நான் ஏறன். போட் ஒண்டு வாங்கினால் சொல்லு" என்றார்.