ஐந்தாம் தலமும் ஒரு ஸ்டூலும்

துணிக்கடையில் நிற்பதை யாரும் வேலைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சேலை எடுத்துக் காட்டுவது வேலை, மடித்து அடுக்குவது வேலை, நிற்பது மட்டும் சும்மா. கடலூர் திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் இருக்கிறேன். கவுண்டருக்கு முன்பக்கம் நாற்காலி போட்டிருப்பார்கள், வாங்க வருபவர்களுக்கு. பின்பக்கம் நாங்கள்.

எனக்கு முடக்குவாதம். வயதானால் வரும் மூட்டுத் தேய்மானம் வேறு, இது வேறு. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே திரும்பி மூட்டுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வைத் தாக்குகிறது. விரல் கணுக்களும் மணிக்கட்டும் பாதமும் இரண்டு பக்கமும் வீங்கும். ரத்தப் பரிசோதனைக்கும் மருந்துக்கும் பாண்டிச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்து. அதைத் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சீட்டில் கிழமையை எழுதி வட்டம் போட்டுத் தந்தார். மருந்து நோயை அடக்குகிறது. வலி போய்விட்டதா என்றால், இல்லை.

ஒரு சேலையைப் பிரித்துக் காட்டியபின் திரும்ப மடிக்க வேண்டுமே, அங்கேதான் கஷ்டம். கரை கரையோடு சரியாக உட்கார, ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கிள்ளிப் பிடித்து இழுக்க வேண்டும். அந்தக் கிள்ளலில் எனக்கு உயிர் போய் வரும். கல்யாண ஜவுளி எடுக்க ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்தால் பிரித்தது பிரித்தபடி குவியும். “மாம்பழக் கலர்ல சின்ன பார்டர் இருக்கா?” என்பார்கள். “இருக்குக்கா” என்று சிரித்துக்கொண்டே மேல்தட்டுக்குக் கையை நீட்டுவேன். சிரிப்பதும் வேலையில் சேர்த்திதான்.

காலை நேரம் இன்னும் மோசம். எழுந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல் மடங்காது. அதனால் விடியுமுன் எழுந்து வெந்நீரில் கையை விட்டுக்கொண்டே ஜெபமாலை சொல்வேன். மணியை உருட்ட முடியாது. ஒரு ‘அருள் நிறைந்த மரியே’வுக்கு ஒரு விரல் என்று மடக்கிப் பார்ப்பேன். மடங்காத விரலையும் சேர்த்தால்தான் பத்து வரும். இதை பக்தி என்பதா, பிசியோதெரபி என்பதா, தெரியவில்லை. இரண்டுக்கும் அந்த ஒரு மணி நேரம்தான் எனக்குக் கிடைக்கிறது.

அக்கம்பக்கத்தில் ஜெபிக்க வருகிறவர்கள் நல்ல மனதோடுதான் வருகிறார்கள். ஆனால் குணமாகாவிட்டால், “உனக்கு விசுவாசம் பத்தல” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். வலியோடு இருப்பவளிடம் இதைவிடக் கொடுமையான பேச்சு இல்லை. பைபிளில் திருத்தூதர் பணிகள் 19ஆம் அதிகாரத்தில் ஒரு செய்தி வருகிறது. துணிக்கடைக்காரி என்பதாலோ என்னவோ அது என் கண்ணில் பட்டது. இயேசுவின் திருத்தூதர் பவுலின் உடம்பில் பட்ட துணிகளைக் கொண்டுபோய் நோயாளிகள்மேல் போட்டார்கள், அவர்கள் குணமானார்கள். அதே பவுல், தன் உடலில் தைத்த முள்ளை எடுத்துவிடும்படி மூன்று முறை வேண்டினார் என்று கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில் இருக்கிறது. முள் போகவில்லை. “என் அருள் உனக்குப் போதும்” என்ற பதில்தான் வந்தது. பவுலுக்கு விசுவாசம் பத்தவில்லை என்று சொல்ல யாருக்காவது தைரியம் உண்டா?

எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் பேச்சு வேறு மாதிரி. “ஆண்டவர் கொடுத்த சிலுவை, முணுமுணுக்காம சுமக்கணும்.” கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் முணுமுணுக்காமல் நின்றதில் லாபம் கடைக்குத்தான்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை நடக்கும். இயேசு சிலுவை சுமந்து போன பாடுகளைப் பதினான்கு தலங்களாக, ஒவ்வொன்றிலும் நின்று நினைத்து ஜெபிப்போம். பதினான்கு தலத்திலும் முழங்கால் போட என்னால் ஆகாது. தூண் ஓரமாக நின்றுவிடுவேன். ஐந்தாம் தலத்தில் சிரேன் ஊர் சீமோன் வருகிறார். மாற்கு எழுதியபடி, வயல்வெளியிலிருந்து வந்து அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்த மனுஷன். பிடித்து இழுத்து, இயேசுவின் சிலுவையைக் கட்டாயப்படுத்திச் சுமக்க வைத்தார்கள். சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். கால் வலியோடு நின்ற ஒரு வெள்ளிக்கிழமை அது வேறு மாதிரி காதில் விழுந்தது. ஆண்டவரே கடைசிவரை தனியாகச் சுமக்கவில்லை. என்னிடம் மட்டும் யார் அதைக் கேட்டார்கள்?

கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத்திருத்தமே வந்துவிட்டது. கேரளாவில் அதற்கும் முன்பே, 2018இல். எங்கள் கடைக்கும் ஸ்டூல் வந்தது. வந்து ரேக்குக்குப் பின்னால் நின்றது. உட்கார்ந்தால் சூப்பர்வைசர் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதற்கு நிற்பதே தேவலாம் என்று யாரும் உட்காரவில்லை.

ஈஸ்டர் முடிந்த வாரம் மேனேஜர் அறைக்குப் போனேன். வழக்கமாக அந்த வாசலிலேயே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அன்று ஒட்டவில்லை. எனக்கு விசுவாசம் தந்தது என்ன என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

“உட்கார்ந்திருந்தா கஸ்டமர் என்னம்மா நெனைப்பாங்க?”

“கஸ்டமர் வந்தா எழுந்துடறேன் சார். ஆள் இல்லாத நேரத்துலதான் கேக்கறேன். மேல்தட்டு பண்டலை மட்டும் வேற யாராவது இறக்கட்டும்.”

சட்டத்தைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. அவருக்கும் தெரிந்துதான் இருக்கும். என் விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “சூப்பர்வைசர்கிட்ட சொல்றேன்” என்றார். சொன்னார்.

பண்டல் இறக்கும் வேலை எங்கள் பிரிவின் சின்னப் பெண் தலையில் விழுந்தது. “ஏன்க்கா, எனக்கு மட்டும் என்ன கூலி ஏத்தியா தர்றாங்க?” என்று முகத்துக்கு நேராகவே கேட்டாள். நியாயமான கேள்வி. சீமோனும் ஆசைப்பட்டு வந்தவர் இல்லையே. இப்போது அவள் பங்குச் சேலைகளுக்கு விலைச் சீட்டு எழுதுவதை நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். கிள்ளிப் பிடிப்பதைவிடப் பேனா பிடிப்பது எனக்குச் சுலபம், தடிமனான பேனாவாக இருந்தால்.

மதியம் கூட்டம் குறையும்போது சுடிதார் பிரிவுப் பெண்கள் இரண்டு பேர் வந்து என் ஸ்டூலில் மாற்றி மாற்றி உட்காருகிறார்கள். இன்னும் இரண்டு ஸ்டூலை வெளியே எடுத்துப் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். தீபாவளி முடியட்டும், பார்க்கலாம் என்றிருக்கிறார் சூப்பர்வைசர். தீபாவளிக்குத்தான் வேண்டும் என்று இந்த முறை அந்தச் சின்னப் பெண்ணே சொல்லிவிட்டாள்.