ஜி ஸ்கேலில் இரைந்த கிட்டார்

கல்யாண மண்டபத்தில் சீரியல் விளக்கைப் போட்டதும் என் கிட்டாரும் கூடவே பாட ஆரம்பித்துவிடும். கம்பியை நான் தொடவே வேண்டாம். ஒரே சீராக "ங்ங்ங்" என்று இரைச்சல். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதன் இரட்டிப்பு 100. தடித்த ஈ கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டில், அதாவது கழுத்தின் மூன்றாம் கட்டத்தில், வரும் ஜி 98 ஹெர்ட்ஸ். அதனால் ஜி ஸ்கேல் பாட்டு வந்தால் இரைச்சல்கூடக் கிட்டத்தட்ட சுருதி சேர்ந்துவிடும். மற்ற பாட்டுகளில் கீபோர்டு அண்ணன் என்னைத் திரும்பிப் பார்ப்பார்.

என்னுடையது ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட் பாணியில் செய்த மலிவான எலெக்ட்ரிக் கிட்டார். மூன்று சிங்கிள் காயில் பிக்கப். பிக்கப் என்பது கம்பியின் அதிர்வைப் பிடித்து மின்சாரமாக்கும் காந்தமும் காயிலும்; இதில் ஒவ்வொன்றுக்கும் ஒரே காயில். ஃபெண்டர் 1954இல் கொண்டுவந்த அதே அமைப்பு. நடு பிக்கப் மட்டும் எதிர்ச் சுற்றாகக் கட்டியிருந்ததால், பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் ஸ்விட்சை இரண்டிலோ நான்கிலோ வைத்தால் இரண்டு பிக்கப் சேர்ந்து இரைச்சல் அடங்கிவிடும். பாதிக் கச்சேரியை அப்படியே ஓட்டினேன். ஆனால் லீட் வாசிக்க பிரிட்ஜ் பிக்கப், அதாவது கம்பி முடியும் பக்கம் இருப்பது, தனியாக வேண்டும். போட்டால் மறுபடி "ங்ங்ங்".

சரி, இரைச்சலை அடக்கும் இரட்டைக் காயில் பிக்கப்பான ஹம்பக்கர் மாற்றுவோம் என்று இணையத்தில் தேடி, இருப்பதிலேயே சத்தம் கூடியதாக ஒன்றை வரவழைத்தேன். அங்கேதான் தப்பு.

அப்பா பாலக்கரையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். பிக்கப்பைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். மல்டிமீட்டரை வைத்தார். பதினாறு கிலோ ஓம். என் பழைய பிக்கப்பில் ஆறுதான் காட்டியது.

"என்னடா, தலைமுடியைவிட மெல்லிசாக் கம்பி போட்டு இத்தனை சுத்து சுத்தியிருக்கான்? சுத்து ஏற ஏறக் கீச்சுச் சத்தமெல்லாம் செத்துருமே."

எனக்குக் கேட்கப் பொறுமை இல்லை. கிட்டாரின் மரத்தில் பள்ளம் ஏற்கெனவே அகலமாகத்தான் இருந்தது. பிளாஸ்டிக் தட்டை மட்டும் அப்பா அரம் போட்டு ராவிக் கொடுத்தார். சால்டர் வைத்து மூடினேன். இரைச்சல் சுத்தமாகப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் விரலால் ஆர்பெஜியோ வாசித்தபோதுதான் அப்பா சொன்னது புரிந்தது. ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக உதிர வேண்டிய இடத்தில் எல்லாம் குழைந்து களியாக வந்தது. டிஸ்டார்ஷன் போட்டு மெட்டல் அடிப்பவனுக்கு அந்த பிக்கப் பொருத்தம். செராமிக் காந்தம், இறுக்கமான அடி, உடனே முட்டும் சத்தம். எனக்கு வாரம் முழுக்க மெலடியும் கீர்த்தனைப் பாட்டும்தான்.

ஹம்பக்கர் என்றாலே இப்படி இல்லை. கிப்சனில் இருந்த சேத் லவர் 1955இல் வடிவமைத்து, 1957 முதல் லெஸ் பால் கிட்டார்களில் வந்த பழைய வகை, காயிலுக்குச் சுமார் ஐயாயிரம் சுற்று. இரண்டும் சேர்ந்து ஏழெட்டு கிலோ ஓம்தான். இரண்டு காயிலையும் எதிரெதிராகக் கட்டி, காந்த முனைகளையும் மாற்றி வைத்திருப்பார்கள். வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று தின்றுவிடும், கம்பியின் ஒலி மட்டும் கூடும். "அட, இது நம்ம வைண்டிங் வேலைதானேடா" என்றார் அப்பா. அவருக்கு அதில் ஒரே பெருமை.

இரண்டாவதாக அந்த வகையில் எட்டு கிலோ ஓம், ஆல்நிக்கோ 2 காந்தம் வைத்த ஒன்றை பிரிட்ஜில் போட்டேன். நெக்கிலும் (கழுத்துப் பக்கம்) நடுவிலும் பழைய சிங்கிள் காயிலே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நெக் பக்கம் கம்பி அகலமாக ஆடும், அதனால் அங்கே இயல்பாகவே உருண்டையான சத்தம். மெதுவான பாட்டுக்கு அதற்கு ஈடு எனக்கு வேறில்லை.

அடுத்த தலைவலி வால்யூம் பாட், அதாவது சத்தக் குமிழுக்கு அடியில் இருக்கும் ரெசிஸ்டர். சிங்கிள் காயிலுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 என்பது வழக்கம். 250ஐ அப்படியே விட்டதில் புது பிக்கப்புக்கு ஜலதோஷம் பிடித்த மாதிரி இருந்தது. 500 போட்டேன், திறந்துகொண்டது. இப்போது நெக் பிக்கப் கொஞ்சம் கூசியது. டோன் குமிழை ஏழில் வைத்துக்கொள்கிறேன். இதற்கு ரெசிஸ்டர் வைத்து ஒரு வழி உண்டு. எனக்கு இன்னொரு தடவை தட்டைக் கழற்ற மனசில்லை.

அப்புறம் ஒன்று, காசே செலவில்லாதது. பிக்கப்பின் உயரம். கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு கம்பிக்கும் பிக்கப்புக்கும் இடைவெளியைப் பாருங்கள். மெல்லிய கம்பிப் பக்கம் இரண்டு மில்லிமீட்டர், தடித்த பக்கம் அதைவிடச் சற்றுக் கூடுதல். சிங்கிள் காயிலை மிக நெருக்கி ஏற்றிவைத்தால் காந்தம் கம்பியையே இழுக்கும். மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி தள்ளாடும். நான் மூன்று வருடம் ட்யூனர் மேல் சந்தேகப்பட்டிருக்கிறேன். ஸ்க்ரூ டிரைவரை அரைச் சுற்றுத் திருப்பியதும் சரியாயிற்று.

பழைய பதினாறு கிலோ ஓம் பிக்கப் அப்பாவின் மேஜை டிராயரில் கார்பன் பிரஷ்களோடு கிடந்தது. சர்ச் பாடகர் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவரின் மகன், கல்லூரியில் மெட்டல் பேண்ட் வைத்திருக்கிறான், போன வாரம் வந்து வாங்கிப் போனான். சால்டர் பண்ணத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் அண்ணா என்றான். ராத்திரி பத்து மணிக்கு போன்: "பச்சை ஒயரை எதோட சேர்க்கணும்ணா?"