கிட்டப் போகப் போக எட்டிப் போற மலை

கனடாவுல கால்கரில இருக்குறவங்க மலை பாக்கணும்னா மேக்க ராக்கிஸ் பக்கம்தான் வண்டிய திருப்புவாங்க, நாங்களும் ஏழு வருஷமா அப்படித்தான். போன ஜூன் கடைசில மொத தடவையா தெக்க ஓட்டினோம், லெத்பிரிட்ஜ் தாண்டி ஹைவே 4ல. ரெண்டு பக்கமும் கோதுமை, மேய்ச்சல் நெலம், எப்பவாச்சும் ஒரு தானியம் சேத்து வைக்குற எலிவேட்டர் கோபுரம், வேற எதுவுமே கண்ணுல தட்டாது. வார்னர் தாண்டுறப்போ எதுக்க, கொஞ்சம் இடது பக்கமா, மூணு நீல மேடு தெரிஞ்சுது. மொதல்ல மேகம்னுதான் நெனச்சேன்.

ஸ்வீட் கிராஸ் ஹில்ஸ். அமெரிக்கா பக்கம், மொன்டானாவுல, பார்டர ஒட்டினாப்ல இருக்கு. வெஸ்ட் பியூட், கோல்ட் பியூட், ஈஸ்ட் பியூட்னு மூணு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம தனித்தனியா நிக்கும். வெஸ்ட் பியூட்தான் ஒசரம், 6,983 அடி. சுத்தி இருக்குற சமவெளிய விட ஏறக்குறைய 3,000 அடி மேல. தட்டையான பூமில 3,000 அடின்னா என்னன்னு போட்டோல புரியாது, நேர்ல நின்னு பாக்கணும். "என்னங்க, இன்னும் எவ்ளோ தூரம்?"னு கேக்க கேக்க அவரு "இதோ வந்துருச்சு"ங்கறாரு, அரை மணி கழிச்சும் மலை அதே சைஸ்ல அங்கயே நிக்குது. பாப்பா பின் சீட்லேர்ந்து "அம்மா, அதுவும் நம்ம கூட நகருதா?"ன்னு கேட்டா.

அன்னிக்கு ராத்திரி கனடா பக்கமே, ரைட்டிங் ஆன் ஸ்டோன் பார்க்ல டென்ட் போட்டோம். மில்க் ரிவர் ஓரமா மணல் பாறைல பிளாக்ஃபுட் பழங்குடி மக்கள் கீறி வச்ச சித்திரங்கள் இருக்குற எடம், 2019ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாங்க. அங்கேர்ந்து பார்டர் 10 கிலோமீட்டர்கூட இல்ல. ஆத்துக்கு அந்தப் பக்கம் மலை அப்படியே முன்னால நிக்குது. பாறைல படம் கீறினவங்க தலைய தூக்கினா எதுக்க இதுதான் தெரிஞ்சிருக்கும், அந்த நெனப்பே எனக்கு சிலுத்துப் போச்சு.

கைடா வந்த பிளாக்ஃபுட் அம்மா ஒருத்தங்க ஒரு விஷயம் சொன்னாங்க. அவங்க மொழில இது காட்டோயிசிக்ஸ், அதாவது இனிய பைன் மலை. மேல வளர்ற ஒரு மரத்தோட ஊசி இலைய தணல்ல போட்டு சாம்பிராணி மாதிரி புகை போடுவாங்களாம், அந்த மரத்தோட பேர்தான் மலைக்கு. வெள்ளக்காரங்க அத மொழிபெயர்க்கறப்போ ஸ்வீட்கிராஸ்ங்கற வாசனைப் புல்லோட கொழப்பிட்டாங்க, மேப்ல புல்லுன்னே நின்னுடுச்சு. அதுல இருந்து எனக்கு ஒரே ஆசை, அந்த மரத்த மோந்து பாத்தே ஆகணும்.

மறுநாள் கூட்ஸ்ங்கற ஊர்ல பார்டர் தாண்டி, சன்பர்ஸ்ட் போய், கெழக்க திரும்பினா ஜல்லி ரோடு. ராத்திரி மழை பேஞ்சிருந்துச்சு. அந்த ஊர் களிமண்ணுக்கு கம்போன்னு பேரு, நனைஞ்சா பசை. ஜல்லி முடிஞ்சு மண் ரோட்ல 200 மீட்டர் போறதுக்குள்ள டயர் ரெண்டு மடங்கு தடிச்சு, சக்கரம் சுத்தவே இல்ல. எறங்கி குச்சி வச்சு சொரண்டினோம், என் செருப்பு ஒண்ணு சேத்துலயே நின்னுடுச்சு. காத்துல மண்ணு காயுற வரைக்கும் ரெண்டு மணி நேரம் அங்கயேதான். ஆனா அந்த ரெண்டு மணி நேரம் எனக்கு வேணும்னே கெடச்ச மாதிரி இருந்துச்சு, புல்லு பூரா அலை அலையா மலையப் பாத்து ஓடுது, ஊதா லூபின் பூ, தூரத்துல நாலு ப்ராங்ஹார்ன் மான், வேற சத்தமே கெடையாது.

இது எரிமலையான்னு பாப்பா கேட்டா. இல்ல. சுமார் 5 கோடி வருஷம் முன்னாடி அடியிலேர்ந்து வந்த மாக்மா வெளிய வெடிக்காம மண்ணுக்குள்ளயே நின்னு கட்டியாயிடுச்சு, மேல மூடியிருந்த மெது பாறை கரைஞ்சு போக, கெட்டியானது மட்டும் நிக்குது. பனி யுகத்துல இந்த சமவெளியே ஐஸ் கட்டிக்குள்ள மூழ்கிக் கெடந்தப்பவும் உச்சிங்க மட்டும் தீவு மாதிரி வெளிய நீட்டிட்டிருந்துச்சாம்.

அடிவாரம் பெரும்பாலும் தனியார் மாட்டுப் பண்ணை. ஒரு வீட்டுல கேட்டுட்டுதான் ஏறினோம், கேட் தொறந்தா மறக்காம மூடிருங்கன்னு மட்டும் சொன்னாரு. தூரத்துப் பச்சை கண்ணுக்கு குளுமைம்பாங்க, இங்க கிட்டப் போனாலும் குளுமைதான். வெயில் படுற தெக்குச் சரிவு பூரா முட்டியளவு புல்லு, பனி தங்குற வடக்குச் சரிவுல காடு. அந்தக் காட்டோரம்தான் மரம் கெடச்சுது, சப்ஆல்பைன் ஃபிர். சாம்பல் பட்டைல கொப்புளம் கொப்புளமா பிசின். கீழ விழுந்து கெடந்த கெளைலேர்ந்து நாலு இலைய வெரல்ல கசக்கினேன். ஆரஞ்சுத் தோலும் சூடமும் சேந்த மாதிரி ஒரு வாசம், அப்படியே தொண்டை வரைக்கும் எறங்குது.

கொஞ்சம் தள்ளி ஒரு மரத்துல கலர் கலரா துணி கட்டியிருந்துச்சு, நம்ம ஊர்ல வேண்டுதலுக்கு கட்டுற மாதிரியே. போட்டோ எடுக்கல, அதுக்கு மேல போகவும் இல்ல. இது பிளாக்ஃபுட் மக்கள் விரதமிருந்து தரிசனம் தேடுற மலை. 1888ல அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒப்புதல் கொடுத்த ஒப்பந்தத்துல அவங்க கைய விட்டுப் போச்சு, 1880கள்லயே தங்கம் தோண்ட ஆளுங்க வந்துட்டாங்க, கோல்ட் பியூட்ங்கற பேரே அதுனாலதான். திரும்ப பெரிய அளவுல தோண்டப் பாத்தப்போ பழங்குடிகளும் பண்ணைக்காரங்களும் சேந்து எதுத்தாங்க, 1997ல அரசு அங்க இருக்குற தன்னோட நெலத்துல புதுசா சுரங்க உரிமை கோர முடியாதுன்னு 20 வருஷத் தடை போட்டுச்சு. படிச்சப்போ மனசு நெறஞ்சுது.

போறவங்க மழை பேஞ்ச மறுநாள் மட்டும் போகாதீங்க, தண்ணி எடுத்துட்டுப் போங்க, பண்ணைக்காரங்கள கேக்காம வேலி தாண்டாதீங்க. நாங்க பாதி வரைக்கும்தான் ஏறினோம், வெஸ்ட் பியூட் உச்சி பாக்கி இருக்கு. வெரல்ல ஒட்டின பிசின் மட்டும் மூணு நாளா போகல, பாப்பா தூங்கப் போறப்போ என் கைய இழுத்து மோந்து பாத்துட்டுதான் படுத்தா.