பன்னிரண்டரைச் சென்ரிமீற்றர்

முதலாம் கியரில் இருந்து இரண்டாம் கியருக்கு இழுத்தால் கியர் லீவரின் தலையில் இருக்கும் பிடியான நொப்பின் உச்சி 12.5 சென்ரிமீற்றர் நகர்ந்தது. டாஷ்போர்ட்டில் மாஸ்கிங் ரேப் ஒட்டி, மகளின் அடிமட்டத்தைப் பிடித்து மூன்று தரம் அளந்து எழுதி வைத்தேன். வண்டி 1998 ஹொண்டா சிவிக், ஈகே3 மொடல், கையால் மாற்றும் ஐந்து கியர். யாழ்ப்பாணத்தில் கொக்குவிலில் இருந்து சுன்னாகத்துக்கு வேலைக்குப் போய் வருகிறேன். காங்கேசன்துறை வீதியில் ஓட்டோவும் சைக்கிளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுமாக இரண்டாம், மூன்றாம் கியரிலேயே பாதிப் பயணம் முடிந்துவிடும். அந்தப் பன்னிரண்டரைச் சென்ரிமீற்றரை இடது கை ஒரு நாளைக்கு எத்தனை தரம் போய் வந்தது என்று எண்ணிப் பார்த்ததில்லை. நியூற்றலில் விட்டால் லீவர் கோயில் மணியின் நாக்கு மாதிரி ஆடும்.

புதுக் கார் என்ற கதை எங்கள் வீட்டில் எப்போதோ முடிந்துவிட்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தார்கள். வரியோடு விலையைக் கேட்ட அன்றே, இருக்கிற சிவிக்கை நன்றாக வைத்திருப்பது என்று முடிவெடுத்தேன். சஸ்பென்ஷன், றேடியேற்றர், கிளச் எல்லாம் ஒவ்வொன்றாக முடிந்தன. கியர் லீவர் மட்டும் மிச்சம் கிடந்தது.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் ஒருவரிடம் ஷோர்ட் ஷிஃப்டர் ஒன்று, அதாவது கியர் மாற்றக் கை அசையும் தூரத்தைக் குறைக்கும் லீவர், கிடைத்தது. இரவு பஸ்ஸில் பார்சலாக வந்தது. பார்த்தால் சாதாரண இரும்புக் கம்பு. நடுவில் ஒரு குண்டு, கீழே போல்ற் போகும் துவாரம், மேலே புரி. பழைய லீவரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். புதியதில் குண்டுக்குக் கீழே உள்ள பகுதி நீளம், மேலே உள்ளது கட்டை.

துலா மிதித்த கிணறு பார்த்தவர்களுக்கு இதில் விளங்காதது ஒன்றும் இல்லை. துலாவைத் தாங்கும் ஆடுகாலில் அந்த நீண்ட மரம் எந்த இடத்தில் பூட்டியிருக்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் ஒரு பக்கம் எவ்வளவு இறங்கினால் மறுபக்கம் எவ்வளவு ஏறும் என்பது. லீவரின் குண்டுதான் இங்கே ஆடுகால். கியர்ப் பெட்டிக்குள் தண்டு நகர வேண்டிய தூரம் மாறாது. கீழ்ப்பக்கம் நீண்டால் அதே தூரத்துக்கு மேலே கை குறைவாக அசைந்தால் போதும். ஆனால் துலாவைப் போலவே இதிலும் ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். தூரம் எவ்வளவு சுருங்குகிறதோ அந்த அளவுக்குக் கை கொடுக்க வேண்டிய பலம் ஏறும்.

கராஜ் அண்ணையிடம் கொண்டுபோனேன். அவர் புது லீவரைப் பார்க்கவே இல்லை. நேரே கிடங்குக்குள் இறங்கிக் காரின் அடியில் லைற் அடித்துப் பார்த்தார்.

"தம்பி, இதைப் பூட்டலாம். ஆனால் கீழ புஷ் எல்லாம் செத்துப்போய்க் கிடக்கு. அதை மாத்தாமல் இதைப் போட்டியள் எண்டால் ஆட்டம் போகாது. பிறகு என்னோடதான் கோவிப்பியள்."

அவர் சொன்னது முழுக்கச் சரி. ஈகே சிவிக்கில் லீவரில் இருந்து கியர்ப் பெட்டிக்கு இரண்டு தண்டுகள் போகின்றன. ஒன்று கியரை மாற்றுவது, மற்றது லீவரின் இருப்பிடத்தைப் பெட்டியோடு சேர்த்துப் பிடித்திருப்பது. இரண்டுக்கும் நுனிகளில் ரப்பரிலும் பிளாஸ்ரிக்கிலும் செய்த வளையங்கள், அவைதான் புஷ். இருபத்தைந்து வருட வெயிலும் ஒயிலும் அவற்றைத் தின்றிருந்தன. கழற்றி உள்ளங்கையில் வைத்தபோது ஒன்று மண்கட்டி மாதிரி உதிர்ந்தது. ஸ்ரான்லி வீதியில் இரண்டு கடை ஏறி இறங்கிப் புது புஷ் வாங்கி வந்தேன். இதைப் படிக்கிற யாருக்காவது ஷோர்ட் ஷிஃப்டர் ஆசை இருந்தால், முதலில் புஷ்ஷை மட்டும் மாற்றி ஒரு கிழமை ஓடிப் பாருங்கள். பாதி ஆசை அதிலேயே தீர்ந்துவிடும்.

பூட்டுகிற வேலை ஒரு சனிக்கிழமை காலை தொடங்கிப் பின்னேரம் முடிந்தது. மேலே நொப்பைச் சுற்றிக் கழற்றி, நடுக் கொன்சோலைத் தூக்குவது கால் மணித்தியால வேலை. கீழேதான் பாடு. புகைக் குழாய் லீவருக்கு நேர் கீழே போகிறது. அதற்கும் தரைத் தகட்டுக்கும் நடுவில் வெப்பத் தகடு. அதன் ஸ்குறூக்கள் துருவேறி அசைய மறுத்தன. முதல் நாள் இரவே எண்ணெய் அடித்து வைத்திருந்தபடியால் ஒன்றும் முறியவில்லை. பிறகு லீவரின் அடிப் போல்ற், பின்பக்க ரப்பர்த் தாங்கி, குண்டைப் பிடித்திருக்கும் வளையக் கிளிப். கியர்ப் பெட்டிப் பக்கத்தில் தண்டைக் கோத்திருக்கும் பின்னைத் தொடவே தேவையில்லை. புதுக் குண்டுக்குக் கிறீஸ் வைத்து உட்கார்த்தி, ரப்பர் மூடியை மடிப்பு விழாமல் இழுத்து விடும்போது அண்ணை அந்த மூடியின் விளிம்பை விரலால் இரண்டு தரம் சுற்றிப் பார்த்தார். அதில் இடைவெளி இருந்தால் மாரி மழைக்கு உள்ளே தண்ணீர் வருமாம்.

அளந்தேன். 9 சென்ரிமீற்றர். ஏறத்தாழ 28 வீதம் குறைவு. கணக்குப் பார்த்தால் கை கொடுக்கும் பலம் 100 இருந்த இடத்தில் 139 ஆகிறது. உண்மையாகவே கை அதை உணர்ந்தது. காலையில் எஞ்சின் சூடேறும் முன் இரண்டாம் கியர் கல் மாதிரி இருந்தது.

அங்கேதான் பாரமான நொப்பின் வேலை வருகிறது. கடையில் பெட்டியில் வரும் நொப் எதிலும் மனம் போகவில்லை. மீன்பிடி வள்ளங்களுக்குத் தண்டு கடையும் லேத் பட்டறை ஒன்றில் ஸ்ரெயின்லெஸ் துண்டு கிடந்தது. 50 மில்லிமீற்றர் உருண்டையாகக் கடைந்து தரச் சொன்னேன். ஹொண்டா நொப்புக்குப் புரி 10 மில்லிமீற்றர், புரிக்குப் புரி இடைவெளி 1.5. அதை வெட்டும் ராப் எந்தப் பட்டறையிலும் கிடக்கும் சாதாரணக் கருவிதான். நிசான், மிற்சுபிசி என்றால் 10 உம் 1.25 உம், ரொயோட்டாவுக்கு 12 உம் 1.25 உம். மாறிப் போட்டுத் திருகினால் லீவரின் புரியே போய்விடும். கடைந்து முடித்த உருண்டையைப் பக்கத்துப் பலசரக்குக் கடைத் தராசில் வைத்தோம். 490 கிராம். பழைய பிளாஸ்ரிக் நொப் 100 கிராமுக்குள்தான்.

மா இடிக்கும்போது பார உலக்கை கைக்கு எப்படி உதவுகிறதோ அப்படித்தான் இது. அசையத் தொடங்கிவிட்டால் அந்தப் பாரமே லீவரைக் கடைசி வரை கொண்டுபோகும். கையின் பலம் விட்டுவிட்டு வராமல் ஒரே சீராக இறங்கும். ஆனால் பாரம் இருக்கிறதே என்று அடித்துப் போடக் கூடாது. பெட்டிக்குள் பித்தளைச் சிங்க்ரோ வளையம் ஒன்று, சுழலும் கியரின் கூம்பில் உரசி இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்கும். வேகம் ஒத்துவரும் வரை கியர் விழாமல் தடுப்பதும் அதுதான். அதற்கு ஒரு கணம் வேண்டும். லீவர் கட்டையானதால் அந்தக் கணம் குறைந்துவிடாது. அவசரப்பட்டால் தேய்வது அந்தப் பித்தளை.

இன்னொரு விசயம் நல்லூரில் மத்தியானம் ஒரு மணித்தியாலம் நிறுத்திவிட்டு வந்தபோது தெரிந்தது. வெயில் சூட்டில் அந்த உருண்டையில் கை வைக்க ஏலாது. அம்மா பழைய சாரத் துண்டில் சுருக்குக் கயிறு வைத்து ஓர் உறை தைத்துத் தந்தார். நிறுத்தும்போது போட்டுவிடுகிறேன்.

ஞாயிறு காலை வல்லை வெளிக்குக் கொண்டுபோனேன். இரண்டு பக்கமும் வெட்ட வெளி, நேர் வீதி. மூன்றில் இருந்து நான்கு, "டொக்" என்று விழுந்தது. அந்தச் சத்தத்துக்காகவே இன்னொரு தரம் மூன்றுக்கு வந்து நான்குக்குப் போனேன். ஆனால் வேகம் கூட்டும்போது காலடியில் இருந்து ஒரு தகர இரைச்சல். நீண்ட அடிப்பக்கம் வெப்பத் தகட்டில் உரசியிருக்கிறது. திங்கட்கிழமை கிடங்கில் இறங்கி அந்த இடத்தில் தகட்டை ஒரு விரல் அளவுக்குத் தட்டிப் பள்ளமாக்கினோம். இரைச்சல் நின்றது.

அப்பாவுக்கு இது ஒன்றும் புதுமையில்லை. அவர் வாடகைக் கார் ஓடியவர். மொறிஸ் மைனர். முதலில் ஓடிப் பழகிய பழைய மைனரில் லீவர் நீண்டு வளைந்து கிடக்கும். 1956 இல் வந்த மைனர் 1000 இல் கம்பனியே அதைக் கட்டையாக்கிக் கொடுத்தது. "அந்த ரெண்டையும் ஓடின எனக்கு நீ சொல்லித் தரப் போறியோ?" என்று கேட்டபடி சாரதி ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தார்.

தொண்ணூறுகளில் யுத்தம், யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல் கிடையாது. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணிவிட்டு மண்ணெண்ணெயில் ஓடினார்கள். உதிரிப்பாகமும் கிடையாது. கியர்ப் பெட்டியில் ஒரு பல் போனால் வண்டி கொட்டிலுக்குள்தான். மைனரின் முதலாம் கியருக்குச் சிங்க்ரோவும் இல்லை. அந்தப் பெட்டியோடு நோயாளிகளையும் பிள்ளைத்தாச்சிகளையும் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கியவருடைய கை அது.

கோண்டாவில் வரை ஓடினார். இரண்டில் இருந்து எடுத்து, நியூற்றலில் ஒரு கணம் விட்டு, விரல் நுனியால் மூன்றுக்குக் கொடுத்தார். சத்தமே வரவில்லை. எனக்கு விழுந்த அந்த "டொக்" அவர் கையில் ஒரு தரமும் கேட்கவில்லை.

"நொப் நல்ல பாரம்," என்றார். "இனி நீ ஒண்டும் தள்ளாதை. அது தானாப் போகும்."

வீட்டுக்கு வந்து இறங்கும்போது அந்தச் சாரத்துணி உறையை எடுத்து, அவரே போட்டு, கயிற்றை இழுத்துக் கட்டினார்.