கழுத்துப்பட்டையைக் கழற்றிய பிறகு

சென்ற ஆண்டு ஏறத்தாழ நான்கு மாதங்கள் என்னால் கழுத்தை வலப்பக்கம் திருப்ப முடியவில்லை. யாராவது பின்னாலிருந்து அழைத்தால் உடம்பையும் சேர்த்தே திருப்ப வேண்டியிருந்தது. காலையில் பிடரியில் தொடங்கும் வலி, பிற்பகலுக்குள் வலது தோள்பட்டையின் உள்முனைவரை இறங்கிவிடும். மாலையில் மண்டையின் பின்புறமாக ஏறிக் கண்ணுக்குப் பின்னால் வந்து நிற்கும். நாள் முழுவதும் குனிந்து அச்சுப்படிகளைத் திருத்துவது என் தொழில். முதலில் தைலம் தடவினேன், பிறகு வலி மாத்திரை விழுங்கினேன், அதன் பிறகு தெரிந்தவர் ஒருவர் சொன்னார் என்று ஒரு கழுத்துப்பட்டையை வாங்கி, மருத்துவரைக் கேட்காமலே ஆறு வாரங்கள் காலை முதல் இரவுவரை அணிந்திருந்தேன். பட்டை இருந்தவரை வலி குறைந்திருந்தது உண்மைதான். ஆனால் அதைக் கழற்றிய அன்று, தலையைத் தாங்குவதற்கே கழுத்தில் வலுவில்லை என்று தோன்றியது.

அதற்குப் பிறகுதான் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் சென்றேன். எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை போன்ற நிலைகளில் பட்டைக்கு இடமுண்டு என்றும், சாதாரணக் கழுத்து வலிக்கு அதை நாட்கணக்கைத் தாண்டி அணிந்தால் வேலையில்லாத தசைகள் மெலிந்துவிடும் என்றும் அவர் விளக்கினார். வளர்ந்த ஒருவரின் தலை ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ளது. அதை ஏழு முள்ளெலும்புகளும் அவற்றைச் சூழ்ந்த தசைகளும் பகல் முழுவதும் தாங்குகின்றன. தலை முன்னால் சாயச் சாய, அது விழாமலிருக்கப் பிடரித் தசைகள் கூடுதலாக இழுத்துப் பிடிக்க வேண்டும். 60 பாகை குனிந்தால் கழுத்தின் மேல் விழும் சுமை சுமார் 27 கிலோவுக்குச் சமமாகும் என்று 2014ஆம் ஆண்டில் வெளியான ஒரு கணினிக் கணக்கீடு சொல்கிறது. அது உயிருள்ள கழுத்தில் அளந்த எண் இல்லை என்பதால் அதைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. குனிவதற்காகவே படைக்கப்பட்ட உறுப்புதான் கழுத்து. அசையாமல் மூன்று மணி நேரம் ஒரே நிலையில் குனிந்திருப்பதைத்தான் அது பொறுப்பதில்லை.

எனக்குப் புதிதாகத் தெரியவந்தது தொண்டைக்குப் பின்னால் இருக்கும் தசைகளைப் பற்றியது. முள்ளெலும்புகளின் முன்பக்கத்தை ஒட்டி, வெளியிலிருந்து தொட்டறிய இயலாத ஆழத்தில், கழுத்தை நிமிர்ந்து நிற்க வைக்கும் மெல்லிய தசைகள் இருக்கின்றன. நாள்பட்ட கழுத்து வலி உள்ளவர்கள் பலரிடம் இவை தம் வேலையைச் சரிவரச் செய்வதில்லை. அந்த வேலையைக் காதின் பின்புறத்திலிருந்து நெஞ்செலும்புவரை ஓடும் பெரிய தசைகளும் தோளின் மேல்தசைகளும் எடுத்துக்கொண்டு, விரைவிலேயே களைத்து இறுகிப்போகின்றன. நான் மாதக்கணக்கில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தது இப்படிக் களைத்துப்போன தசைகளின் மேல்தான்.

எனவே முதல் பயிற்சி கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சிறியதாக இருந்தது. முழங்கால்களை மடக்கி மல்லாந்து படுத்துக்கொள்ள வேண்டும். தலை பின்னால் சாய்ந்துவிடும் போலிருந்தால் அடியில் ஒரு மடித்த துணியை வைக்கலாம். தலையைத் தூக்காமல், ‘ஆம்’ என்று தலையசைப்பதுபோல மோவாயை மிக மெதுவாகத் தொண்டையை நோக்கி இறக்கி, பத்து விநாடி அப்படியே வைத்திருந்து தளர்த்த வேண்டும். இதைப் பத்து முறை செய்ய வேண்டும். அப்போது இரண்டு விரல்களைக் கழுத்தின் முன்பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால் அங்குள்ள தசைகள் மென்மையாகவே இருக்க வேண்டும். அவை கயிறுபோலப் புடைத்தால் தேவைக்கு மேல் முயல்கிறோம் என்று பொருள். முதல் வாரத்தில் நான்காவது முறைக்கே என் கழுத்து நடுங்கியது. இவ்வளவு சிறிய அசைவுக்கு அந்த நடுக்கம் வந்ததுதான் எனக்குக் காரணத்தைப் புரியவைத்தது.

மூன்றாம் வாரத்தில் எதிர்ப்புப் பயிற்சி சேர்ந்தது. உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தலையால் மெல்லத் தள்ள வேண்டும், கை விட்டுக்கொடுக்கக் கூடாது. தலை அசையாமலே தசை வேலை செய்யும். முழு பலத்தில் கால் பங்கு போதும், ஐந்து முதல் பத்து விநாடி வரை. அதே முறையில் பின்தலையிலும் இரு பக்கங்களிலும் செய்ய வேண்டும். அடுத்து ரப்பர் பட்டையின் நடுவை மிதித்து, முனைகளைக் கைகளில் பிடித்து, முழங்கை லேசாக மடங்கியிருக்க இரு கைகளையும் பக்கவாட்டில் தோள் உயரம்வரை உயர்த்தி இறக்கினேன். தோளுக்கும் கழுத்து வலிக்கும் என்ன தொடர்பு என்று நானும் கேட்டேன். கழுத்தின் பக்கவாட்டிலும் பின்புறத்திலும் ஓடும் தசைகளில் சில தோள்பட்டை எலும்பில்தான் சென்று முடிகின்றன. தோள் வலுவிழந்தால் கழுத்து இழுபடுகிறது. டென்மார்க்கில் அடிக்கடி கழுத்து, தோள் வலி வந்த 198 பேரிடம் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், இந்த ஒரே பயிற்சியை வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு இரண்டே நிமிடம் எனப் பத்து வாரங்கள் செய்தவர்களுக்கும் வலி தெளிவாகக் குறைந்தது. நேரமில்லை என்று சொல்லும் நண்பர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

தசையை நீட்டும் பயிற்சிகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. முகத்தை இடப்பக்கமாகப் பாதி திருப்பி, இடது அக்குளை நோக்கிக் குனிந்து அரை நிமிடம் இருந்தால், வலது தோள்பட்டையின் உள்முனைக்கு இறங்கும் தசை இதமாக நீளும். ஆனால் அந்த இதம் ஒரு மணி நேரத்தில் கரைந்துவிடுவதை நானே பார்த்தேன். பின்லாந்தில் அலுவலகப் பெண்கள் 180 பேரிடம் ஓராண்டு நடந்து 2003இல் வெளியான ஆய்வும் அதையே காட்டியது: வலுவூட்டும் பயிற்சி செய்தவர்களுக்குக் கிடைத்த நிவாரணம், நீட்டல் பயிற்சியும் பொதுவான உடற்பயிற்சியும் மட்டும் செய்தவர்களுக்குக் கிடைத்ததைவிட மிகக் கூடுதல். பயிற்சியின்போது லேசான வலி இருந்து மறுநாளுக்குள் அடங்கினால் தொடரலாம். வலி கைக்குள் பரவினாலோ விரல் மரத்தாலோ உடனே நிறுத்திவிட வேண்டும்.

மற்றச் சிகிச்சைகளில் வெந்நீர் ஒத்தடம் எளியது, இதமானது. வலி கடுமையாக இருக்கும் சில நாட்களுக்கு மருத்துவர் சொல்லும் மாத்திரையோ மேற்பூச்சு ஜெல்லோ உதவும். அது அசைவதற்கு வழிசெய்தால் போதும். ஓபியாய்டு எனப்படும், அபின் வகையைச் சேர்ந்த வலுவான வலி மாத்திரைகள் புதிதாக வந்த கழுத்து, முதுகு வலிக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரையைவிட மேலாக உதவவில்லை என்று 2023இல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. பயிற்சி பெற்றவர் கையால் மூட்டுகளைத் தளர்த்தும் சிகிச்சை எனக்கு நன்றாகவே பயன்பட்டது. ஆனால் கழுத்தைச் சட்டென்று திருகிச் சொடக்கெடுக்க யாரையும் அனுமதிக்காதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். அரிதாகவேனும் மூளைக்குச் செல்லும் தமனி கிழிந்து பக்கவாதம் வந்திருக்கிறது.

ஸ்கேன் அறிக்கையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். என் எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ‘தேய்மானம்’, ‘டிஸ்க் பிதுக்கம்’ (முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல இருக்கும் வட்டு வெளியே பிதுங்குவது) என்ற சொற்களைப் படித்து இரண்டு இரவுகள் உறங்காமல் கிடந்தேன். கழுத்தில் எந்தக் குறையும் இல்லாத 1,211 பேரை ஜப்பானில் ஸ்கேன் செய்து பார்த்தபோது 87.6 விழுக்காட்டினருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது என்று பிற்பாடுதான் அறிந்தேன். அவர்களில் இருபது வயதுக்காரர்களும் உண்டு. நரைமுடியைப் போலப் பெரும்பாலும் அதுவும் வயதின் அடையாளமே. நரம்பு அழுத்தத்தால் கைக்குள் வலி இறங்கும்போதும் பலருக்கு அது சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் அறுவை சிகிச்சையின்றியே தணிகிறது.

அலட்சியம் செய்யக் கூடாத அறிகுறிகள் வேறு. கையில் வலுக்குறைவு, சட்டைப் பொத்தானைப் போட முடியாத தடுமாற்றம், நடையில் தள்ளாட்டம், சிறுநீரை அடக்க முடியாமை, குனியும்போது முதுகுத்தண்டில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு ஆகியவை தண்டுவடம் அழுத்தப்படுவதைக் குறிக்கலாம். விபத்துக்குப் பின் வந்த வலி, காய்ச்சலோடு விறைத்த கழுத்து, காரணமின்றி எடை குறைதல், நெஞ்சிலோ தாடையிலோ சேர்ந்து வரும் வலி, இதுவரை அறியாத கடுமையோடு திடீரெனக் கழுத்தின் ஒரு பக்கத்தில் தோன்றும் வலி, இவற்றில் எதற்கும் பயிற்சி விடையாகாது. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

என் மேசையில் இப்போது அச்சுப்படிகள் ஒரு சாய்பலகையின் மேல் கண்ணுக்கு நேராக நிற்கின்றன. அரை மணிக்கு ஒரு முறை எழுந்துவிடுகிறேன். இரவில் பக்கவாட்டில் படுக்கும்போது தோளுக்கும் காதுக்கும் இடையிலுள்ள உயரத்தை நிரப்பும் தலையணை ஒன்று மட்டுமே. குப்புறப் படுப்பதை அறவே விட்டுவிட்டேன். பதினோராவது வாரத்தில் ஒரு நாள், பின்னாலிருந்து என் மகள் அழைத்தபோது திரும்பிப் பார்த்துப் பதில் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். தோளை அசைக்காமல் திரும்பியிருக்கிறேன் என்பது அடுத்த பக்கத்தைப் புரட்டும்போதுதான் உறைத்தது.